சேலத்துக்கு ஆரஞ்சு அலர்ட் என்றால் என்ன செய்வது: ஊருக்கும் ஏற்காட்டுக்கும் முழுமையான மழைக்கால வழிகாட்டி

"சேலம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட்" என்று டிவியில் கீழே ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மாபேட்டையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். "எங்கே பெய்யுது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ராத்திரி பதினோரு மணிக்குக் கிச்சிப்பாளையத்தில் சாக்கடை எதிர்த்து வரும்.

இந்த ஊரின் அமைப்பு அப்படி. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் ஒரு கிண்ணம் போல இருக்கிறது. வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினால் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர். திருமணிமுத்தாறும் சரபங்காவும் அந்தச் சேர்வராயன் சரிவில்தான் பிறக்கின்றன. மேலே கொட்டுவது சில மணி நேரத்தில் கீழே வந்து சேரும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான்: தலைக்கு மேலே இருக்கும் வானத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், வடக்கே மலையைப் பாருங்கள். மலை கண்ணுக்குத் தெரியாமல் கருத்து மறைந்திருந்தால், உங்கள் தெரு காய்ந்து கிடந்தாலும் உங்களுக்கு மழை தொடங்கிவிட்டது.

"புயல் கடற்கரைக்காரர்கள் பிரச்சினை" என்ற நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கரையில் காற்று ஓய்ந்த பிறகு மழை மேகம் உள்ளே வந்து கிழக்குத் தொடர்ச்சி மலையில் முட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஈரக்காற்று சரிவில் ஏற ஏறக் குளிர்ந்து அங்கேயே மழையாக இறங்கும். அதனால்தான் புயல் "வலுவிழந்தது" என்ற செய்தி வந்த பிறகுதான் நமக்கு ஆபத்தான நேரம் தொடங்குகிறது.

எச்சரிக்கையை வாசிப்பது எப்படி

நிறங்கள் நான்கு. பச்சைக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். நிறத்தை விட அதன் கீழே இருக்கும் வாசகம் முக்கியம். இந்திய வானிலை ஆய்வுத் துறை "கனமழை" என்று சொன்னால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை. "மிக கனமழை" 115.6 முதல் 204.4 வரை. 204.5 மி.மீ. தொட்டுவிட்டால் "அதி கனமழை".

இதில் மூன்று இடங்களில் ஆட்கள் தவறுகிறார்கள்.

முதலாவது, "ஓரிரு இடங்களில்" என்ற சொல். அறிவிப்பில் இப்படி வந்தால், மாவட்டத்தில் உள்ள மழை அளவீட்டு நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாது என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் கால் முதல் பாதி வரை. "ஓரிரு இடங்களில் மிக கனமழை" என்பதைக் கேட்டுப் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். சேலம் மாவட்டத்தில் அந்த ஓரிரு இடம் பெரும்பாலும் மலையாகத்தான் இருக்கும், அதன் அடிவாரத்தில்தான் நகரம் இருக்கிறது.

இரண்டாவது, நாள் கணக்கு. மழை நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடியும். "நேற்று ஏற்காட்டில் 9 செ.மீ." என்று செய்தியில் வருவது இன்று காலை 8.30 வரை பெய்ததையும் சேர்த்து. இன்று அதிகாலை பெய்ததும் அதில் அடக்கம் என்பது தெரிந்தால்தான் மண் இப்போது எவ்வளவு நனைந்திருக்கிறது என்று கணிக்க முடியும்.

மூன்றாவது, வேகம். 70 மி.மீ. ஒரு நாள் முழுக்கத் தூறினால் ஏரிக்கு நல்லது. அதே 70 மி.மீ. ஒரு மணி நேரத்தில் கொட்டினால் ஐந்து ரோட்டில் இருசக்கர வாகனம் மூழ்கும். மாவட்ட நிறம் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. அதைச் சொல்வது "அடுத்த 3 மணி நேரத்துக்கான" எச்சரிக்கை. காலையில் வரும் ஐந்து நாள் முன்னறிவிப்பை வைத்து நாளைத் திட்டமிடுங்கள், வாசலைத் தாண்டும் முன் 3 மணி நேர அறிவிப்பைப் பாருங்கள்.

ரேடார் படத்தை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு ஒரு சொல். காரைக்கால் ரேடார் நமக்குச் சுமார் 200 கி.மீ. தொலைவு, சென்னை அதையும் விடத் தூரம். பூமி வளைந்திருப்பதால் ரேடார் கற்றை இவ்வளவு தூரம் வரும்போது தரையிலிருந்து சில கி.மீ. உயரத்துக்குப் போய்விடுகிறது. உயரமான இடிமேகம் அதில் தெரியும். மலையை ஒட்டித் தாழ்வாகக் கவிந்து விடாமல் பெய்யும் மேகம் சரியாகத் தெரியாது. படம் வெறுமையாக இருந்தால் மழை இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

போனில் செய்து வைக்க வேண்டியவை

மழை வருவதற்கு முன்பு, நல்ல சிக்னல் இருக்கும் ஒரு நாளில் இவற்றை முடித்துவிடுங்கள். தமிழக அரசின் "டி.என். அலர்ட்", வானிலைத் துறையின் "மௌசம்", மின்னலுக்கான "தாமினி" மூன்றும் போதும். மூன்றிலும் இருப்பிட அனுமதியை "எப்போதும்" என்று வையுங்கள். "ஆப்பைத் திறக்கும்போது மட்டும்" என்று வைத்துவிட்டு, "எனக்கு எச்சரிக்கையே வரவில்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். பேட்டரி சேமிப்பு முறையும் இவற்றைத் தூங்க வைத்துவிடும், அதிலிருந்து இந்த மூன்றுக்கும் விலக்குக் கொடுங்கள். பிறகு செட்டிங்ஸ் தேடல் கட்டத்தில் "எமர்ஜென்சி அலர்ட்" என்று தேடி, அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டவர் வழியாக வரும் அந்த அலறல் ஒலிக்கு இணையம் தேவையில்லை.

எண்கள்: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மொபைலில் இருந்து 0427 சேர்த்து அழையுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101. மின்வாரியப் புகார் 94987 94987. இவற்றைப் போனில் மட்டும் வைக்காமல், கதவுக்குப் பின்னால் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். போன் சார்ஜ் தீர்ந்த வீட்டில் பாட்டி மட்டும் இருக்கும் நேரம் வரும்.

வாட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கைப் படத்தில் தேதி, வெளியிட்ட நேரம், செல்லுபடியாகும் நேரம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இல்லையென்றாலும் பகிராதீர்கள். போன வருடப் படம் ஒவ்வொரு வருடமும் சுற்றுகிறது.

வீட்டில் ஒரு மழைமானி

அறிவிப்பு மாவட்டத்துக்குப் பொதுவானது. உங்கள் கூரைக்கு மேல் எவ்வளவு பெய்தது என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும். மலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது மிக அவசியம், ஏனென்றால் நாகலூரில் கொட்டும்போது மஞ்சக்குட்டையில் தூறிக்கொண்டிருக்கும்.

2 லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்றை எடுங்கள். பக்கவாட்டுச் சுவர் நேராக இருப்பதாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இடுப்பு ஒடுங்கிய பாட்டில் உதவாது. கழுத்து விரியும் இடத்துக்குக் கீழே, சுவர் நேராகும் இடத்தில் கத்தியால் சுற்றி வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியை மூடியைக் கழற்றிக் கவிழ்த்து உள்ளே செருகினால் அதுவே புனல், ஆவியாவதையும் தடுக்கும். அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் சிறு கற்களைப் போட்டு, சுவர் நேராகத் தொடங்கும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர் மட்டம்தான் பூஜ்யம், அங்கே மார்க்கரால் கோடு போடுங்கள். பள்ளிக்கூட ஸ்கேலின் பூஜ்யம் அந்தக் கோட்டில் வரும்படி செல்லோ டேப்பால் ஒட்டுங்கள். அவ்வளவுதான். பாட்டில் வாயும் உடலும் ஒரே அகலம் என்பதால் ஸ்கேலில் தெரியும் மி.மீ. தான் மழை மி.மீ.

வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு. சுவரை ஒட்டி வைத்தால் ஒரு பக்க மழை விழாது, மரத்தடியில் வைத்தால் இலையிலிருந்து சொட்டும். பக்கத்தில் உள்ள சுவர் 2 மீட்டர் உயரமென்றால் 4 மீட்டர் தள்ளி வையுங்கள். இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தினால் காற்றில் சாயாது. தினமும் காலை 8.30க்கு அளந்து, மீண்டும் பூஜ்யக் கோடு வரை தண்ணீரைச் சரிசெய்யுங்கள்.

காபித் தோட்டங்களில் மழையை இஞ்ச், சென்ட் கணக்கில் எழுதும் பழக்கம் உண்டு. 100 சென்ட் ஒரு இஞ்ச், அதாவது 25.4 மி.மீ. தோட்ட மேஸ்திரி "ராத்திரி நாலரை இஞ்ச் பெய்ஞ்சிருக்கு" என்றால் 114 மி.மீ., மிக கனமழைக்கு ஒரு நூலிழை கீழே. ஒரு ஏக்கரில் ஒரு இஞ்ச் பெய்தாலே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர். அது எங்கே இறங்கும் என்பதுதான் கேள்வி.

இடி மின்னல்: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை

வடகிழக்குப் பருவமழைக்கு எல்லோரும் தயாராகிறார்கள். கோடை மழையிலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாலை இடிமழையிலும்தான் மின்னல் அதிகம். பகல் முழுக்கச் சூடேறிய காற்று மதியம் மூன்று மணிக்கு மேல் மலையோரம் எழும்பி, கோபுரம் போல மேகம் கட்டும். மேகத்தின் தலை கொல்லன் பட்டடைக்கல் போலத் தட்டையாகப் பரவுவதைப் பார்த்தால் வெளிவேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கி.மீ.யில் கிடைக்கும். 30 நொடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் மேல் விழலாம். உடனே கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ, ஜன்னல் ஏற்றிய காருக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வர வேண்டாம். மழை விட்டதும் மாட்டை அவிழ்க்க ஓடுவதும், ஜவ்வரிசிக் களத்தில் தார்ப்பாயை விலக்கப் போவதும் மிகவும் ஆபத்தான அந்த அரை மணி நேரத்தில்தான் நடக்கிறது. ஜவ்வரிசி நனைந்தால் மீண்டும் காய வைக்கலாம். களத்து வேலையாட்களை உள்ளே அழைக்கும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு, அதை வானம் இருட்டியபின் யோசிக்காமல் காலையிலேயே யார் சொல்வது, எங்கே கூடுவது என்று முடிவு செய்து வைக்க வேண்டும்.

ஒதுங்கக் கூடாத இடங்கள்: தனி மரம், தகரக் கொட்டகை, கம்பி வேலி அருகில், மின்கம்பத்தடி, ஏரிக்கரை. மரவள்ளிக் காட்டு நடுவில் மாட்டிக்கொண்டால் படுக்காதீர்கள். மின்னல் தரையில் பரவும்போது உடலின் இரண்டு முனைகளுக்கு நடுவே மின்னழுத்தம் உண்டாகும், உடல் எவ்வளவு நீளம் தரையைத் தொடுகிறதோ அவ்வளவு ஆபத்து. நாலு கால் அகலமாக ஊன்றி நிற்பதால்தான் மரத்தடியில் மாடுகள் மொத்தமாகச் சாகின்றன. இரண்டு பாதத்தையும் ஒட்டிவைத்துக் குத்தவைத்து, தலையைக் குனிந்து, காதைப் பொத்துங்கள். கூட்டமாக இருந்தால் ஒருவருக்கொருவர் தள்ளி உட்காருங்கள். இதுவும் வேறு வழியே இல்லாதபோது செய்வதுதான், பாதுகாப்பான இடத்துக்கு ஈடாகாது.

மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்காது. தொடலாம், தொட்டே ஆக வேண்டும். மூச்சும் துடிப்பும் இல்லையென்றால் 108ஐ அழைத்துவிட்டு, நெஞ்சு நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள். மின்னலில் நின்ற இதயத்தை உடனடி அழுத்தம் பல நேரம் மீட்டுவிடும். சாணிக் குழியில் புதைப்பது, மண் பூசுவது எல்லாம் அந்த முக்கியமான நிமிடங்களை வீணாக்கும்.

ஏற்காடு மலைப்பாதையில்

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஆரஞ்சு, சிவப்பு நாளில் சுற்றுலாவைத் தள்ளிப்போடுங்கள், இதில் பேச்சுக்கே இடமில்லை. மஞ்சள் நாளில் போவதானால் காலையில் ஏறி, மதியம் இரண்டு மணிக்குள் இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள். முந்தைய இரண்டு மூன்று நாட்களும் மழை பெய்திருந்தால் மஞ்சளையே ஆரஞ்சாக எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மண் முதல் நாள் மழையைக் குடித்துக்கொள்ளும், நனைந்த மண்ணுக்குக் குடிக்க இடமில்லை.

சரிவு ஏன் சரிகிறது என்று தெரிந்தால் சாலையில் எதைப் பார்க்க வேண்டும் என்பது புரியும். சேர்வராயனின் சார்னோகைட் பாறை மட்கும்போது வெங்காயம் உரிவது போல உரிந்து, செம்மண்ணுக்குள் உருண்டைப் பாறைகளை விட்டுவைக்கிறது. சாலை போட மலையை வெட்டிய இடத்தில் இந்த உருண்டைகள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழைநீர் மண் துகள்களுக்கு நடுவே நிரம்பினால் மண் பிடி விடும், உருண்டை கழன்று வரும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் அடைபட்டிருந்தால் சுவருக்குப் பின்னால் நீர் தேங்கிச் சுவரே சாயும்.

ஆகவே வண்டி ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை இவை. வெட்டுச் சரிவில் வடியும் நீர் தெளிவாக இருந்தால் பரவாயில்லை. செம்மண் கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது. சாலையில் ஈரச் செம்மண் ஒட்டிய புதுக் கற்கள் சிதறிக் கிடந்தால் மேலே இன்னும் வர இருக்கிறது. சாய்ந்த சில்வர் ஓக், ஓடிக்கொண்டிருந்த சிற்றோடை திடீரென நின்றுபோவது, மேலே கல் உருளும் சத்தம் இவற்றில் எதைக் கண்டாலும் அந்த இடத்தில் ஒரு நொடி நிற்காமல் கடந்து போங்கள், அல்லது முன்னாலேயே திரும்பிவிடுங்கள். ஓடை நின்றுபோனால் நல்லது என்று நினைக்காதீர்கள். மேலே எங்கோ மண் அடைத்து நீர் தேங்குகிறது, அது உடைத்துக்கொண்டு மொத்தமாக வரும்.

இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது, வளைவில் முதலாவது. நியூட்ரலில் விட்டால் மொத்த எடையும் பிரேக்கின் மேல். பிரேக் சூடேறினால் கருகிய வாடை வரும், பெடல் மெத்தென்று இறங்கும். அப்போது பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும். ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை மரியாதை, மழையில் அது உயிர் காக்கும் விதி. பாதி ஏற்றத்தில் நின்ற பேருந்து ஈரத்தில் மறுபடி எடுக்கும்போது பின்னால் உருளும்.

பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும். லோ பீமும் ஃபாக் விளக்கும் மட்டும் போதும். ஓடிக்கொண்டே நான்கு இண்டிகேட்டரையும் போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. நின்ற பிறகு போடுங்கள்.

நிற்கத்தான் வேண்டும் என்றால் வெட்டுச் சரிவுக்குக் கீழேயும் வேண்டாம், பள்ளத்து ஓரத் தடுப்புச் சுவரை ஒட்டியும் வேண்டாம், பாலத்து மேலும் வேண்டாம். மேலே மண்வெட்டு இல்லாத அகலமான இடமாகப் பாருங்கள். பாதை அடைபட்டால் குப்பனூர் வழி இருக்கிறதே என்று பலர் அங்கே திருப்புவார்கள். அதே மலை, அதே மழை. அந்தப் பாதை திறந்திருக்கிறது என்று போலீசோ 1077ஓ உறுதி சொல்லாமல் இறங்காதீர்கள். ஒரு ராத்திரி மேலேயே தங்கிவிடுவது எப்போதும் நல்ல முடிவு. தங்கும் அறையில் குளிருக்குக் கரி அடுப்பைக் கொளுத்திக் கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

அருவிகளைப் பற்றி ஒன்று. கிளியூரிலும் ஆத்தூர் அருகே ஆணைவாரியிலும் குளிக்கிற இடத்தில் மழை இல்லாமலேயே தண்ணீர் ஏறும். 2021 அக்டோபரில் ஆணைவாரியில் திடீரென வெள்ளம் பெருகி, பாறையில் சிக்கிய தாயையும் குழந்தையையும் இளைஞர்கள் கயிற்றின் உதவியோடு காப்பாற்றியதை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். நீர் நிறம் மாறி இலைதழை மிதந்து வந்தால் துணிமணியை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். எதிர்க்கரை அருகில் இருந்தால் எதிர்க்கரைக்கே போங்கள், உங்கள் பக்கம் வர ஆற்றைக் கடக்க வேண்டாம்.

மலையில் குடியிருப்பவர்கள்

தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளும் கிராமங்களும் பாதை அடைபட்டால் இரண்டு மூன்று நாள் தனித்துவிடும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர் வீதம் மூன்று நாளைக்கு, அரிசி பருப்பு, தொடர் மருந்துகள் ஒரு வாரத்துக்கு, டார்ச், பவர் பேங்க் இருக்கட்டும். பிரசவ நாள் நெருங்கியவரையும் டயாலிசிஸ் செய்பவரையும் ஆரஞ்சு அறிவிப்பு வந்த அன்றே கீழே சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சாலை திறந்திருக்கும்போது அது ஒரு மணி நேரப் பயணம். மூடிய பிறகு அதுவே ஒரு மீட்புப் பணி.

வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டு இருந்தால், அன்று இரவு சரிவுக்கு எதிர்ப்பக்க அறையில் படுங்கள். தரையில் புது விரிசல், கதவு திடீரெனச் சட்டத்தில் இறுகுவது, மேட்டில் பிறை வடிவில் வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே வெளியேறுங்கள். வெடிப்பின் இரு பக்கமும் ஒரு குச்சி நட்டு இடைவெளியை அளந்துகொண்டு உட்கார்வது மழை விட்ட பிறகு செய்ய வேண்டிய வேலை.

நகரத்தில்

ஆரஞ்சு அன்று முதல் வேலை மொட்டை மாடி. ஆயிரம் சதுர அடியில் 65 மி.மீ. பெய்தால் 6,000 லிட்டர், ஆறு டன். வடிகுழாயில் ஒரு பாலிதீன் பை அடைத்தால் அந்த எடை மொத்தமும் கூரையில் நிற்கும். அடுத்து கீழ்த்தள பிளக் பாயிண்டுகள், பிரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி. பேட்டரியை மேலே ஏற்ற முடியாவிட்டால் இணைப்பையாவது கழற்றுங்கள்.

கிச்சிப்பாளையம், குகை, அம்மாபேட்டையில் குழித்தறி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தெருத் தண்ணீர் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே குழியில் ஊற்று எடுக்கும், ஏனென்றால் குழி தரையை விடத் தாழ்வு. நிலத்தடி நீர் ஏறும்போது முதலில் அங்கேதான் வரும். குழி ஈரமாகும்போதே மிதிப்பலகையைக் கழற்றிவிடுங்கள். நெய்த துணியை அறுத்து எடுத்து, மீதிப் பாவு நூலை பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பரணில் ஏற்றுங்கள். குழிக்குள் மோட்டார் போட்டு நீரை இறைக்க முயலாதீர்கள். வெளியில் மட்டம் இறங்காதவரை அது மறுபடி ஊறும், ஈரக் குழியில் மின் ஒயர் உயிருக்கு ஆபத்து. விசைத்தறிக்காரர்கள் மோட்டாரைக் கழற்ற நேரமில்லையென்றால் மெயினை அணைத்து ஸ்டார்ட்டர் பெட்டியை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

ஓடும் நீரில் 15 செ.மீ., அதாவது கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தாலே நிற்கும் ஆள் நிலைதடுமாறுவார். 30 செ.மீ. சிறு காரைத் தூக்கும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போகும். தரைப்பாலத்தின் மேல் கலங்கல் நீர் ஓடினால் பாலம் அடியில் இருக்கிறதா என்றே தெரியாது. முன்னால் ஒரு லாரி போனது என்பதற்காகப் பின்தொடர வேண்டாம், லாரியின் எடை வேறு.

ஏரிகளைக் கவனியுங்கள். கன்னங்குறிச்சியில் மூக்கனேரி நிரம்பிக் கோடி போகிறது, அதாவது உபரிநீர் வழிகிறது, என்று கேள்விப்பட்டால் கீழே வாய்க்காலோரம் குடியிருப்பவர்கள் அன்றிரவு தூங்கும் முன் சான்றிதழ்கள், நகை, மருந்தை ஒரு பையில் கட்டி வைக்க வேண்டும். ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நிரம்பிப் போகும் வரிசை உங்கள் பகுதிப் பெரியவர்களுக்குத் தெரியும், கேட்டு எழுதி வையுங்கள். சிவதாபுரம் பக்கம் மழை நின்ற மறுநாள் தண்ணீர் ஏறுவது இந்த வரிசையால்தான்.

அறுந்த மின்கம்பி கிடந்தால் 10 மீட்டர் தள்ளி நின்று, மற்றவர்களையும் தடுத்து, மின்வாரியத்தை அழையுங்கள். அருகில் இருக்கும்போது பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், பாதங்களைத் தரையை விட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள். கார் மேல் விழுந்தால் உள்ளேயே இருங்கள்.

காவிரிக் கரையில்

மேட்டூர், பூலாம்பட்டி, தேவூர்ப் பக்கம் ஆபத்து வருவது ஜூலை, ஆகஸ்டில், கர்நாடகத்து மழையால். அணை 120 அடி நிரம்பியபின் வருவதெல்லாம் வெளியேறும். விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி என்றால் விநாடிக்கு 28 லட்சம் லிட்டர். உள்ளூரில் ஒரு துளி மழை இல்லாமல் ஆறு கரைபுரளும். அறிவிப்பு வந்ததும் ஆற்றோர மோட்டார், பரிசல், ஆடுமாடுகளை மேட்டுக்கு ஏற்றுங்கள். துணி துவைக்கவோ படம் எடுக்கவோ படித்துறையில் இறங்க வேண்டாம்.

மழை விட்ட பிறகு

வீட்டுக்குள் நீர் புகுந்திருந்தால் மெயினை அணைத்தபடியே வையுங்கள். சுவரில் ஈரம் ஏறிய உயரத்துக்குக் கீழே உள்ள சுவிட்ச் பெட்டிகளை எலக்ட்ரீசியன் திறந்து காய வைத்துச் சோதித்த பிறகே மின்சாரம் கொடுங்கள். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. என்ஜினுக்குள் நீர் இருந்தால் ஒரு சுற்றிலேயே கனெக்டிங் ராடு வளையும்.

சம்ப்பில் சாக்கடை கலந்திருந்தால் முழுதும் இறைத்துக் கழுவி, புதுத் தண்ணீரில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். குடிப்பதைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். சாமான் ஒதுக்கும்போது கையை விடாமல் குச்சியால் புரட்டுங்கள், பாம்பு மேடு தேடி வீட்டுக்குள் வந்திருக்கும். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கையைக் காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

மலைப்பாதையில் வெயில் அடித்த முதல் இரண்டு நாளும் கல் விழும். உள்ளே ஊறிய நீர் அப்போதுதான் வடிகிறது, மண் காய்ந்து சுருங்கி உருண்டைகளை விடுகிறது. வாரயிறுதிக்கு முதல் வெயிலிலேயே புறப்பட வேண்டாம்.

சேதத்தைச் சுத்தம் செய்யும் முன் படம் எடுங்கள்: சுவரில் நீர் நின்ற கோடு, சாய்ந்த வாழை, இடிந்த சுவர், ஒவ்வொன்றும் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. இறந்த கால்நடையைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள், அது இல்லாமல் நிவாரணம் கிடைப்பது கடினம். வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் மனு கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பயிர்க் காப்பீடு செய்தவர்கள் வயல் மூழ்கிய சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்தால் அந்த மூன்று நாள் போய்விடும், வயலில் நீர் நிற்கும்போதே படம் எடுத்துத் தகவல் கொடுத்துவிடுங்கள்.